காதுகுத்துக்கு ஆறு பவுன்சர்

காலை ஐந்து மணிக்கு இடுப்பு விழித்துக்கொண்டது. தசரதன் அதற்கப்புறம்தான் விழித்தான். முதுகெலும்பு முடிகிற இடத்தில் யாரோ கடப்பாரையை நட்டுவிட்டுப் பிடுங்க மறந்து போன மாதிரி இருந்தது. புரண்டு படுத்தால் வலது கால் கட்டைவிரல் வரைக்கும் கரண்ட் ஓடியது. இருபத்திரண்டு வருஷம் தாம்பரம் மார்க்கெட்டில் வெங்காய மூட்டை தூக்கிய இடுப்பு அது. மூட்டைக்கு ஐம்பது கிலோ. மொத்தம் எத்தனை டன் தூக்கியிருப்போம் என்று ஒரு தடவை மனசுக்குள் கூட்டிப் பார்த்தான். கூட்டும்போதே வலித்ததால் பாதியில் விட்டுவிட்டான்.

டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "பத்து கிலோவுக்கு மேல தூக்குன, அப்புறம் உன்னைத்தான் நாலு பேர் தூக்கணும்" என்றார். ஆபரேஷன் செய்தால் சரியாகும், ஆனால் அதற்கு ஈ.எஸ்.ஐ. அட்டை வேண்டும், இல்லையென்றால் பணம் வேண்டும். தசரதனிடம் இரண்டும் இல்லை. அதுவரைக்கும் கட்டிக்கொள்ள ஒரு அகலமான பெல்ட் எழுதிக் கொடுத்தார்.

அந்த பெல்ட்தான் அவனுக்குப் புது வேலை வாங்கிக் கொடுத்தது. உள்ளே நான்கு இரும்புப் பட்டை வைத்துத் தைத்தது. கட்டிக்கொண்டால் குனிய முடியாது, திரும்ப முடியாது. நெஞ்சு தானாக முன்னால் வரும், தோள் பின்னால் போகும், முகம் வலியில் இறுகி, எதிரில் நிற்பவனை அறையப் போகிற மாதிரி இருக்கும். இரும்புலியூர் டீக்கடையில் அப்படி நின்று டீ குடித்துக்கொண்டிருந்தவனைத்தான் எபி பார்த்தான்.

எபி பவுன்சர் ஆள் அனுப்புகிற ஏஜென்சி வைத்திருந்தான். முப்பது வயது. டீக்கடைக்கு எதிர்ப்பக்கம் பைக்கை நிறுத்திவிட்டு ரோட்டைத் தாண்டி வந்து, தசரதனை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான்.

"அண்ணா, எந்த ஜிம்முண்ணா?"

"வெங்காய மண்டி."

"சும்மா சொல்லாதீங்கண்ணா. இந்த ஸ்டாண்டிங் யாருக்கும் வராது. என் பசங்க எல்லாம் உடம்பு ஏத்தி வெச்சுகினு கோணிகினு நிக்கிறானுங்க."

பெல்ட் சமாசாரத்தை தசரதன் சொல்லவில்லை. கேட்டால் சொல்லியிருப்பான். எபி கேட்கவில்லை.

முன்னெல்லாம் பவுன்சர் என்றால் சினிமாக்காரர்கள் நகைக்கடை திறக்க வரும்போது சுற்றி நிற்கிறவர்கள். இப்போது முடிச்சூர், மண்ணிவாக்கம் பக்கம் நிலம் விற்றவர்கள் வீட்டு விசேஷம் எல்லாவற்றுக்கும் பவுன்சர் வேண்டும். மஞ்சள் நீராட்டுக்கு நான்கு பேர், கிரகப்பிரவேசத்துக்கு மூன்று பேர். ஒரு வீட்டில் வளர்த்த நாய்க்குப் பிறந்தநாள் என்று இரண்டு பேர் போய் நின்றுவிட்டு வந்தார்கள். நாய் அவர்களைப் பார்த்துக் கடைசிவரை குரைத்ததில் கேக் வெட்டவே முடியவில்லை என்று எபி சொன்னான்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. பெருங்களத்தூர் தாண்டி முடிச்சூர் ரோட்டில் இருக்கிற ஒரு கல்யாண மண்டபத்தில் மோகன்ராஜின் மகள் மிருதுளாவுக்குக் காதுகுத்து. மோகன்ராஜ் அப்பா காலத்தில் நெல் விளைந்த நிலத்தைப் பிளாட் போட்டு விற்றவர். மிச்சம் இருந்த ஒன்றரை ஏக்கரில் நீச்சல் குளமும், பிள்ளைகள் குதித்து விளையாடுகிற கூடமும் கட்டி முடித்து வைத்திருந்தார். தை பிறந்ததும் திறப்பு. அங்கே வாசலுக்கு நிரந்தரமாக ஒரு ஆள் வேண்டும். மாசம் பதினெட்டாயிரம், ஈ.எஸ்.ஐ. உண்டு.

"இன்னிக்கு உங்களப் பாத்து மோகன்ராஜ் சாருக்குப் புடிச்சுதுன்னா அந்த வேல உங்களுக்குத்தான்" என்று எபி காலையிலேயே சொல்லிவிட்டான். கருப்பு டீ ஷர்ட், கருப்புக் கண்ணாடி, காதில் ஒரு ஒயர். ஒயர் எதிலும் சேரவில்லை, நுனியைச் சட்டைக்குள் விட்டுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். "ஒரே ஒரு ரூல்ண்ணா. வாயத் தொறக்காதீங்க. நீங்க நிக்கிற வரைக்கும் ஹாலிவுட். வாயத் தொறந்தா மார்க்கெட். கையில பட்ட கட்டிகினு வந்தா உள்ள உடுங்க. பட்ட இல்லன்னா கைய மட்டும் தூக்குங்க. அவ்ளோதான்."

பட்டை என்பது ரோஸ் நிறத்தில் காகிதப் பட்டை. மோகன்ராஜின் பெரியப்பா மகன் போன வருஷம் அவன் வீட்டு விசேஷத்துக்கு நான்கு பவுன்சர் போட்டிருந்தான். அதனால் இவர் ஆறு போட்டார். பட்டையும் சேர்த்தால் அவன் வாயைத் திறக்க முடியாது என்று விழா நடத்திக் கொடுக்கிற கம்பெனிக்காரன் சொல்ல, ஐந்நூறு பட்டை அடித்துப் பத்திரிகையோடு கொடுத்திருந்தார்.

காலை ஒன்பதரை மணி. மண்டபத்து வாசலில் தசரதன் தனியாக நின்றான். மற்ற ஐந்து பேரும் மேடைப் பக்கம், குழந்தையின் நாற்காலியைச் சுற்றி நின்றார்கள். குழந்தைக்கு மூன்று வயது. ஐந்து கருப்பு உருவங்களைப் பார்த்து எட்டரைக்கு அழ ஆரம்பித்தது, இன்னும் நிறுத்தவில்லை.

வாசலில் தசரதனுக்குத் துணைக்கு ஒரு பெண் வந்து சேர்ந்தாள். ஸஹானா. காட்டாங்குளத்தூர் காலேஜில் எம்.பி.ஏ. படிக்கிறாள். எபியிடம் அனுமதி வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். கையில் நாற்பது கேள்வி உள்ள படிவம். தலைப்பில் மாநிலத்தின் கலை, பொழுதுபோக்கு, கேளிக்கைத் துறையில் வேலைவாய்ப்பு எந்தப் பக்கம் போகிறது என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது.

"அண்ணா, ஜஸ்ட் டென் மினிட்ஸ். நீங்க கலையா, பொழுதுபோக்கா, கேளிக்கையா?"

தசரதன் சுற்றும் முற்றும் பார்த்தான். எபி கண்ணில் படவில்லை. உதடு அசையாமல் சொன்னான். "நான் வாசல்மா."

"வாசல்னு ஆப்ஷன் இல்லண்ணா. பொழுதுபோக்குன்னு போட்டுக்கறேன். போன வருஷத்தை விட இந்த வருஷம் உங்க துறையில வேலை கூடியிருக்கா, கொறஞ்சிருக்கா?"

"போன வருஷம் நான் வெங்காயம்."

அவள் எழுதிக்கொண்டாள். "இந்த விசேஷத்துல மேளக்காரங்க ரெண்டு பேர், பவுன்சர் ஆறு பேர். நோட் பண்ணீங்களா? இதுதாண்ணா ட்ரெண்ட். உங்க வேலைக்குத் தேவையான திறமைகள் என்னென்ன?"

"நிக்கிறது."

"வேற?"

தசரதன் யோசித்தான். "ஒண்ணுக்கு வந்தா அடக்கிக்கிறது."

பதினான்காவது கேள்விக்கு வந்தபோது மண்டபத்து வாசலில் ஒரு பழைய டிவிஎஸ் வண்டி வந்து நின்றது. ஓட்டிவந்த ஆளுக்கு நாற்பது வயது இருக்கும். பட்டு வேட்டியை முட்டிக்கு மேல் மடித்துக் கட்டியிருந்தான். சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. தோளில் ஈரத்துண்டு. கையில் பட்டை இல்லை. வண்டியை ஸ்டாண்டு கூடப் போடாமல் சுவரில் சாய்த்துவிட்டு நேராக உள்ளே நடந்தான்.

தசரதன் கையைத் தூக்கினான்.

அந்த ஆள் நின்றான். தூக்கிய கையைப் பார்த்தான், கண்ணாடியைப் பார்த்தான், காதில் இருந்த ஒயரைப் பார்த்தான்.

"இன்னா இது?"

தசரதன் பேசவில்லை. தன் மணிக்கட்டைத் தொட்டுக் காட்டினான்.

"மணி கேக்குறியா? ஒம்போது அம்பது. அத்தக் கேக்கத்தான் நானும் வந்தேன். உள்ள மோகன்ராஜ் கீறாரா?"

தசரதன் மறுபடியும் மணிக்கட்டைத் தொட்டான். ஸஹானா உதவி செய்கிறோம் என்று நினைத்து, "சார், நீங்க ஸ்டாஃபா, விசிட்டரா? ஸ்டாஃப்னா சமையல் வாசல் அந்தப் பக்கம்" என்றாள்.

அந்த ஆளின் முகம் கருத்துப் போனது. "நான் யாருன்னு தெரியாதா ஒனக்கு?" என்று தசரதனைக் கேட்டான்.

தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த ஆளும் தான் யார் என்று சொல்லியிருப்பான். யார் நீங்கள் என்று கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பான். ஆனால் தசரதன் வாயைத் திறந்தால் ஈ.எஸ்.ஐ. போய்விடும். அந்த ஆளுக்கோ தானாக முந்திக்கொண்டு சொன்னால் மானம் போய்விடும். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தூக்கிய கை இறங்கவில்லை.

"நல்லா இருங்கடா" என்று சொல்லிவிட்டு அந்த ஆள் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

"பதினஞ்சாவது கேள்வி" என்றாள் ஸஹானா. "வேலை பண்ற இடத்துல பொதுமக்கள் கிட்ட உங்களுக்கு ஏதாவது பிரச்சனை வந்திருக்கா?"

"இல்ல" என்றான் தசரதன்.

போனவன் சக்திவேல். குழந்தையின் அம்மா வினிதாவுக்குக் கூடப் பிறந்த ஒரே அண்ணன். மிருதுளாவுக்குத் தாய்மாமன்.

அந்தப் பக்கத்து வழக்கம் இதுதான். தாய்மாமன் சீர் தட்டுகளோடு பக்கத்தில் இருக்கிற பிள்ளையார் கோயிலில் வந்து காத்திருப்பான். குழந்தையின் அப்பா மேளத்தோடு போய் மாலை போட்டுக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால்தான் மாமன் வருவான். மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும். ஆனால் விழா நடத்துகிற கம்பெனிக்காரன் போட்ட நிரலில் மேளம் போய்க் கூப்பிடுவது இல்லை. பத்தே காலுக்கு வாசலில் புகை விட்டு, அதற்குள்ளிருந்து மாமன் திறந்த ஜீப்பில் வர வேண்டும் என்று இருந்தது. மோகன்ராஜ் அதை சக்திவேலுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். சக்திவேலின் போனில் அது திறக்கவில்லை. மாமனுக்கு எதற்குப் பட்டை என்று அதையும் அவனுக்குக் கொடுக்கவில்லை. அவன் காலை எட்டு மணியிலிருந்து இருபத்தோரு தட்டோடும் தன் பக்கத்துச் சொந்தம் அத்தனை பேரோடும் பிள்ளையார் கோயிலில் உட்கார்ந்திருந்தான். ஒருத்தரும் கூப்பிட வரவில்லை. என்ன ஏது என்று பார்த்துவிட்டு வரலாம் என்று மானத்தை விட்டு ஒரு எட்டு வந்தவனைத்தான் கை காட்டி அனுப்பியாயிற்று.

பத்தே காலுக்கு வாசலில் புகை விட்டார்கள். புகைக்குள்ளிருந்து யாரும் வரவில்லை. பத்தரைக்கு இன்னொரு தடவை விட்டார்கள். மாநகராட்சி கொசு மருந்து என்று நினைத்து எதிர்வீட்டில் ஜன்னலைச் சாத்தினார்கள்.

பதினோரு மணிக்கு வினிதா போனைக் காதில் வைத்தபடி பட்டுப்புடவை தடுக்க வாசலுக்கு வந்தாள். பின்னால் மோகன்ராஜ், அவர் பின்னால் எபி.

"அண்ணே, யாரு நிறுத்துனது, சொல்லுண்ணே... கருப்புச் சட்டையா... இங்க எல்லாரும் கருப்புச் சட்டதாண்ணே... அண்ணே... அண்ணே." போன் அணைந்துவிட்டது. அவள் தசரதனைப் பார்த்தாள்.

எல்லாப் பவுன்சரும் ஒரே மாதிரிதான் இருக்கிறார்கள், கம்மென்று நின்றால் தப்பித்துவிடலாம் என்று தசரதனுக்குத் தோன்றியது. அந்த நினைப்பு ஓடி முடிவதற்குள் ஸஹானா முன்னால் வந்தாள்.

"டிவிஎஸ்ல வந்தவரா மேடம்? இவர்தான் நிறுத்தினார். நாங்க அப்போ பதினாலாவது கேள்வியில இருந்தோம்."

எபி தலையில் கை வைத்துக்கொண்டான். "அண்ணா, மாமனையாண்ணா? மாமனப் பாத்தா தெரியாதாண்ணா?"

"நீதானப்பா வாயத் தொறக்காதன்ன" என்றான் தசரதன். அந்த மண்டபத்தில் அவன் சத்தமாகப் பேசிய முதல் வார்த்தை அது. மோகன்ராஜ் எபியைப் பார்த்தார்.

"இந்த ஆளத்தான் என் நீச்சல் குளத்துக்குப் போடுறேன்னு சொன்னியா?"

பன்னிரண்டு மணிக்கு எமகண்டம். காது குத்துகிற ஆசாரிக்கு இரண்டு மணிக்கு ஊரப்பாக்கத்தில் வேறொரு காது. மோகன்ராஜைக் கோயிலுக்குப் போகச் சொல்லி வினிதா கெஞ்சினாள். "மூணு நாளைக்கு முன்னாடியே ஷெட்யூல் அனுப்பிட்டேன். படிக்காதது அவன் தப்பு" என்று மோகன்ராஜ் அசையவில்லை. கடைசியில் எபிதான் முடிவு பண்ணினான். "அண்ணா, நிறுத்துனது நீங்க. நீங்களே போய் கூட்டிகினு வாங்க. வந்தாருன்னா வேல கீது. வரலன்னா நாம ஒருத்தர ஒருத்தர் பாத்ததே இல்ல."

ஒரு ரோஸ் பட்டையைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு தசரதன் ஷேர் ஆட்டோ பிடித்தான். பெல்ட்டோடு ஆட்டோவில் உட்கார முடியாது. தலையை மட்டும் உள்ளே விட்டுக்கொண்டு முக்கால்வாசி நின்றபடியே போய்ச் சேர்ந்தான்.

கோயில் வாசலில் சக்திவேல் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்திருந்தான். சுற்றிலும் அவன் சொந்தக்காரர்கள். தட்டுகளில் ஜிலேபி உருகி எறும்பு வரிசை கட்டியிருந்தது. சீர் வாழைத்தார் ஒன்றில் இரண்டு சீப்பு குறைந்திருந்தது. பசித்த பிள்ளைகள் என்ன செய்யும்.

"அண்ணே, மன்னிச்சுக்கோங்க. நீங்க யாருன்னு தெரியாம பண்ணிட்டேன்."

சக்திவேல் நிமிர்ந்து பார்த்தான். "ஓ. நீ பேசுவியா?"

"பேசக் கூடாதுன்னு ஆர்டர்ண்ணே."

"நானும் வாய் செத்தவன்னு நெனச்சு இத்தினி நேரம் பாவம் பாத்துகினு இருந்தேன். ஊமையப் போய்க் கோச்சுக்கினேமேன்னு."

தசரதன் பட்டையை எடுத்து நீட்டினான். அதுதான் அவன் செய்த அடுத்த தப்பு.

"இன்னா இது? என் தங்கச்சி பொண்ணுக்குக் காது குத்த நான் கையில பட்ட கட்டிகினு வரணுமா? ஆஸ்பத்திரியில பொறந்த கொழந்தைக்குக் கட்டுவாங்க, போஸ்ட்மார்ட்டத்துக்குப் போற பொணத்துக்குக் கட்டுவாங்க. நான் ரெண்டுல எது?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். சக்திவேல் சிரிக்கவில்லை.

"மேளம் வரணும். மேளம் வந்தா நான் வரேன். உன்னாண்ட எனக்கு ஒண்ணும் கோவம் இல்ல, கூலிக்கு நிக்கிற ஆளு நீ. மூட்ட தூக்குற ஒடம்பா இது?"

"வெங்காயம்ண்ணே. இருபத்திரண்டு வருஷம்."

"நான் தண்ணி லாரி. ஓஸ் இழுத்து இழுத்துத் தோள் போச்சு" என்றான் சக்திவேல். அதோடு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

தசரதன் திரும்பி வந்தபோது பதினொன்றரை. மண்டபத்துப் பின்பக்கம் மேளக்காரர்கள் இரண்டு பேரும் வேலையில்லாமல் உட்கார்ந்து பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மோகன்ராஜிடம் கேட்டால் விடமாட்டார். தசரதன் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு அவர்கள் முன்னால் போய் நின்றான்.

"மோகன்ராஜ் சார் சொன்னாரு. புள்ளையார் கோயிலாண்ட போய் மாமன அழைச்சிகினு வரணுமாம். ஒடனே."

"பொங்கல முடிச்சுட்டுப் போறோம் சார்" என்றார்கள். காதில் ஒயர் இருந்ததால் சார் என்றார்கள்.

பொய் சொன்ன பயத்தில் தசரதன் அதை யாரிடமும் சொல்லாமல் உள்ளே போனான். மேடையில் ஆசாரி ஊசியைத் துடைத்து வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இருபது நிமிஷம்" என்றார். அப்புறம் "பத்து" என்றார். மோகன்ராஜின் பங்காளிகள் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். அவர்களில் யாரும் மாமன் ஆக முடியாது, எல்லாரும் அப்பா வழி. அம்மா வழி ஆட்கள் ஒருத்தர் விடாமல் பிள்ளையார் கோயிலில் இருந்தார்கள்.

"மேளம் வேணுமாம்" என்றான் தசரதன்.

வினிதா புருஷனைப் பார்த்தாள். புருஷன் மேலே சீலிங்கைப் பார்த்தார். அவள் திரும்பித் தசரதனைப் பார்த்தாள்.

"எங்கண்ணன நிறுத்துனது நீங்கதானே? அப்ப எங்கண்ணன் எடத்துல நீங்களே உக்காருங்க."

"ஏய், செக்யூரிட்டிய போயி" என்றார் மோகன்ராஜ்.

"நீங்க பேசாதீங்க. அண்ணான்னு கூப்புட்டா அண்ணன்தான். அண்ணா, உக்காருங்கண்ணா."

மோகன்ராஜின் அத்தை பச்சையம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மூன்று மினி லாரிக்குச் சொந்தக்காரி. அந்தக் குடும்பத்தில் அவள் பேச்சுக்கு அப்பீல் கிடையாது. வாயில் இருந்த வெற்றிலையை ஓரம் ஒதுக்கிவிட்டு, "பொண்ணப் பெத்தவ கைகாட்டுறவன் மாமன். உக்காரச் சொல்லு" என்றாள்.

தசரதன் மணையில் உட்கார்ந்த விதத்தை அன்றைக்கு வந்திருந்த எல்லாரும் வெகுநாள் பேசினார்கள். குனிய முடியாது என்பதால் இரண்டு பவுன்சர்கள் கக்கத்தில் கை கொடுத்து, பீரோவைச் சாய்த்து இறக்குகிற மாதிரி அவனை இறக்கினார்கள். டீ ஷர்ட்டின் மேல் மாலை போட்டார்கள். கண்ணாடியைக் கழற்ற யாருக்கும் தோன்றவில்லை. மிருதுளாவைத் தூக்கி மடியில் வைத்தார்கள்.

பதினாறு கிலோ. டாக்டர் சொன்னது பத்து.

குழந்தை நிமிர்ந்து அந்தக் கருப்புக் கண்ணாடியைப் பார்த்தது. அதில் தன் முகம் தெரிந்ததும் ஒரு நிமிஷம் அழுகையை நிறுத்தியது. பெண் பிள்ளைக்கு இடது காதுதான் முதலில். ஆசாரி அந்த ஒரு நிமிஷத்தை விடவில்லை. ஊசி இறங்கியதும் மிருதுளா இரண்டு காலாலும் ஒரு உதை விட்டாள். தசரதனின் பெல்ட் படீரென்று அவிழ்ந்தது. கடப்பாரையை யாரோ உள்ளுக்குள் ஒரு திருப்புத் திருப்பினார்கள். கண்ணாடிக்குக் கீழே இரண்டு பக்கமும் தண்ணீர் ஒழுகியது.

"பார்றா, மாமன் அழுவுறான்" என்றாள் பச்சையம்மா. "சொந்த மாமன் கூட இப்பிடி அழுவ மாட்டான்." நான்கைந்து பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அப்போது வாசலில் மேளச் சத்தம் கேட்டது.

இரண்டு மேளக்காரர்கள், அவர்களுக்குப் பின்னால் சக்திவேல், அவனுக்குப் பின்னால் எறும்போடு இருபத்தோரு தட்டு. மாப்பிள்ளை கடைசியில் மேளம் அனுப்பிவிட்டார் என்ற சந்தோஷத்தில் சக்திவேலின் முகம் மலர்ந்திருந்தது. மேடையில் மாலையும் கண்ணாடியுமாகத் தன் இடத்தில் உட்கார்ந்திருந்தவனைப் பார்க்கும் வரைக்கும் மலர்ந்திருந்தது.

"நீ வாசல்லதானே நின்ன" என்றான் சக்திவேல். "அதுக்குள்ள இங்க எப்பிடி வந்த?"

"நான் வரலண்ணே. ஒக்கார வெச்சுட்டாங்க. என்னால எழுந்துக்க முடியல."

"ஒரு காது முடிஞ்சுது. நாலு நிமிஷம் கீது" என்றார் ஆசாரி.

சக்திவேல் வினிதாவைப் பார்த்தான், மோகன்ராஜைப் பார்த்தான். மறுபடியும் வெளியே நடந்துவிடுவான் போலத்தான் இருந்தது. பச்சையம்மா வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்தாள். "இன்னாடா மொறைக்கிற? வலது காது சும்மாதானே கீது. அது உன்னுது. இது அவன்து. ஒக்காரு."

தசரதனைப் பக்கவாட்டில் நகர்த்தினார்கள். சக்திவேல் பக்கத்தில் உட்கார்ந்து குழந்தையை வாங்கிக்கொண்டான். எமகண்டத்துக்கு ஒரு நிமிஷம் இருக்கும்போது வலது காது முடிந்தது. மேளம் கொட்டியது. கம்பெனிக்காரன் எதற்கும் இருக்கட்டும் என்று மிச்சம் இருந்த புகையை விட்டான்.

சாப்பாட்டுக்கு மாமன் வரிசையில் இரண்டு இலை போட்டார்கள். தசரதன் பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். காலையிலிருந்து ஒரு டீதான் உள்ளே போயிருந்தது. பிரியாணி வாசனையில் கண் இருட்டியது.

பின்னால் நின்று எபி காதில் குசுகுசுத்தான். "அண்ணா, வேல போச்சுண்ணா. மாமன் முறைக்காரர வாசல்ல நிக்க வெச்சா ஊர்ல காறித் துப்புவாங்கன்னு மோகன்ராஜ் சார் சொல்லிட்டாரு. டிக்கெட் கிழிக்கிற எடத்துல வேணா நாற்காலி போட்டு ஒக்கார வெக்கிறாராம். பன்னெண்டாயிரம். சொந்தத்துக்குள்ள ஈ.எஸ்.ஐ., பி.எஃப். எல்லாம் பேசுனா நல்லா இருக்காதாம். ஒடம்புக்கு எதனா ஒண்ணுன்னா நாங்க இல்லியான்னு கேக்குறாரு."

தசரதன் இலையைப் பார்த்தான். பிரியாணி, பக்கத்தில் கறி, முட்டை. பந்தியில் இருநூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தரும் இன்னும் கை வைக்கவில்லை. மாமன் முதலில் கை வைக்க வேண்டும், அப்புறம்தான் மற்றவர்கள். மார்க்கெட்டில் இருபத்திரண்டு வருஷத்தில் அவன் எத்தனையோ ஸ்டிரைக்கில் உட்கார்ந்திருக்கிறான். இந்த மாதிரி வசதியான இடம் ஒரு தடவைகூடக் கிடைத்ததில்லை.

கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான்.

"சாப்புடுங்கண்ணா" என்றாள் வினிதா.

தசரதன் பேசவில்லை.

மோகன்ராஜ் வந்தார். "இன்னாங்க, எதனா கொறையா? பீஸ் வேணுமா?"

தசரதன் கண்ணாடி வழியாக எதிர்ச்சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். வாயைத் திறக்காமல் நிற்பதற்குத்தானே கூலி பேசினார்கள். பக்கத்து இலையில் இருந்த சக்திவேல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். விஷயம் என்னவென்று எபியிடம் கேட்டான். எபி சொன்னான். சக்திவேலும் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"மாமே, நீ எதுக்கு?" என்றார் மோகன்ராஜ்.

"ஒரு மாமன் பட்டினி கெடக்கசொல்ல இன்னொரு மாமன் துன்றது மொற இல்ல மாப்ள. நான் காலையிலேர்ந்து கத்துகினதே இதான்."

இருநூறு பேருடைய பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது. கடைசி வரிசையில் யாரோ ஒரு பங்காளி, அந்த நான்கு பவுன்சர் போட்டவன்தான், "ஆறு பவுன்சர் போட்டா இப்பிடித்தான், ஒருத்தன் எகிறுவான்" என்றான். அதுதான் மோகன்ராஜைக் குத்தியது.

"சரிப்பா, இன்னாதான் வேணும்?"

தசரதன் அப்போதுதான் வாயைத் திறந்தான். "ஈ.எஸ்.ஐ. வேணும் மாப்ள."

"சம்பளம்?"

"அது நீயா பாத்துப் போடு. அட்ட வேணும். நாற்காலி சாயுற நாற்காலியா இருக்கணும்."

மோகன்ராஜ் தலையை ஆட்டினார். ஆட்டினால் போதாது, எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொல்லு என்றாள் பச்சையம்மா. சொன்னார். தசரதன் முதல் வாய் அள்ளினான். இருநூறு கைகள் இலையில் இறங்கின. ஸஹானா ஓரத்தில் சாப்பிட்டபடியே இடது கையால் படிவத்தைத் திருப்பி, வேலையில் சேர்ந்த விதம் என்ற கேள்விக்கு எதிரே கொஞ்ச நேரம் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தாள். அப்புறம் மற்றவை என்பதில் டிக் போட்டாள்.

கை கழுவிவிட்டு வரும்போது வினிதா குழந்தையைத் தூக்கிக்கொண்டு எதிரில் வந்தாள். மிருதுளாவின் வலது காதில் சக்திவேல் கொண்டுவந்த கால் பவுன் கம்மல் மின்னியது. இடது காதில் ஆசாரி ஓட்டை மூடாமல் இருக்கச் சொருகிவிட்டுப் போன செப்புக் கம்பி இருந்தது. ஜோடிக் கம்மலில் இன்னொன்று சக்திவேலின் சட்டைப் பையில் இருந்தது.

"அத்தயும் போட்டு உட வேண்டியதுதானே அண்ணே" என்றான் தசரதன்.

"எப்பிடிப் போட முடியும்? குத்துன மாமன்தான் போடணும்" என்றான் சக்திவேல். பச்சையம்மாவைப் பார்த்தான். அவள் ஆமாம் என்று தலையசைத்தாள். "நான் வேணா இத்த பத்திரமா வெச்சுருக்கேன். நீ இதே மாதிரி பாத்து வாங்கு. அவசரம் ஒண்ணும் இல்ல. கம்பி பச்ச புடிக்கிறதுக்குள்ள போட்டா போதும்."

டிக்கெட் கிழிக்கிற நாற்காலியில் தசரதன் உட்கார்ந்து ஏழு மாதம் ஆகிறது. ஈ.எஸ்.ஐ. அட்டை வந்துவிட்டது, ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். மிருதுளா ஞாயிற்றுக்கிழமைதோறும் நீச்சல் குளத்துக்கு வருகிறாள், கம்பியோடு வருகிறாள், மாமா என்று கூப்பிட்டு இடது பக்கத்தைக் காட்டுகிறாள். அவளுக்குத் தசரதன் இன்னும் தர வேண்டியது, இடது காதுக்குக் கால் பவுனில் ஒரு கம்மல்.